கல்லாப் பெட்டிக்கும் சாதி உண்டு

வியாபாரம் செய்வது எப்படி என்று நமக்குப் பாடம் எடுக்க ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி தொழில்முனைவோர் முகாம். பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடையில் செட்டியார்களின் வணிக ரகசியங்களைச் சொல்லித்தரும் புத்தகங்கள். அத்தனையையும் பிழிந்தால் நாலு சொட்டுத்தான் வரும். சிக்கனமாய் இரு. நாணயமாய் நட. வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசு. வரவு செலவை அன்றன்றைக்கு எழுது. கூடவே கொசுறாக ஓர் உபதேசம்: 'வேலை கேட்டு நிற்காதே, வேலை கொடுப்பவனாக மாறு!'

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த உபதேசம் யாரிடம், எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது? 1991க்குப் பிறகு பொதுத்துறை சுருங்கச் சுருங்க, ஒப்பந்தக் கூலி பெருகப் பெருக, இடஒதுக்கீடு காகிதத்தில் மட்டும் கனமாக இருக்கிற நேரத்தில், வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வெளியே வருகிற நம் பையனிடமும் பெண்ணிடமும் சொல்லப்படுகிறது. 'நீ தோற்றால் அது உன் குணக்கேடு' என்பதுதான் இந்தப் பாடத்தில் எழுதாமல் விட்ட கடைசி வரி. அந்த வரியைத்தான் நான் இங்கே உடைக்கப் போகிறேன். வியாபாரத்துக்கே பேர்போன செட்டிநாட்டு மண்ணில் நின்று, காரைக்குடிச் சீமையின் சேரியில் பிறந்தவனாக இதை எழுதுகிறேன்.

சிக்கனத்தில் எங்களை மிஞ்ச எவன் இருக்கிறான்? ஒரு படி அரிசியில் வீடு மொத்தத்துக்கும் கஞ்சி காய்ச்சி, மிச்சத்தை மறுநாளைக்கு நீராகாரமாக்கிய எங்கள் ஆத்தாக்களுக்கு எந்த நிபுணன் வந்து சிக்கனம் சொல்லிக்கொடுப்பது? நாணயமா? கூலி கைக்கு வந்த அன்றைக்கே பழைய பாக்கியை அடைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். உழைப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் குணங்கள்தான் முதல் என்றால், காரைக்குடி செக்காலை ரோட்டில் பாதிக் கடை எங்கள் கடையாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லையே, ஏன்?

உபதேசப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, நகரத்தார் எப்படிப் பெருகினார்கள் என்பதை வரலாற்றில் பார்ப்போம். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனி ஆளாகப் போனவர் இல்லை. ஒன்பது கோயில், கோயிலுக்குள் பங்காளி, கோயிலுக்கு வெளியே கொண்டான் கொடுத்தான்: இந்த வலைக்குள்தான் பணம் சுற்றியது. பையனைச் சின்ன வயதிலேயே இன்னொரு நகரத்தார் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள். அங்கே வாய்பாடும் வட்டிக்கணக்கும் பேரேடும் பழகி, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, மூன்று வருடக் கணக்குக்குக் கடல் தாண்டினான். சொந்த முதல் இல்லாதவனுக்கும் சாதிக்காரன் கடையிலிருந்து பணம் புரண்டது. ஏமாற்றினால்? கோயில் மாலை வராமல் அவர்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது. அந்த மாலைதான் ஜாமீன். ரங்கூனில் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியைக் கூடி நிர்ணயித்த இடமும் கோயில்தான். கடைக்குக் கடை மகமை எடுத்துப் பொதுக்காரியம் செய்தார்கள்.

அவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கணக்குத் திறமை அசாத்தியமானது. ஆனால் அந்தத் திறமை உட்கார்ந்திருந்த திண்ணை எது? சாதிதான் அவர்களுக்கு பாங்கு. சாதிதான் பள்ளிக்கூடம். சாதிதான் போலீசும் கோர்ட்டும். அதன்மேல் வெள்ளைக்காரன் சட்டம் வேறு காவலுக்கு நின்றது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் வயல் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது சுமார் 25 விழுக்காடு ஆனது. இது சிரித்த முகத்தாலும் சிக்கனத்தாலும் வந்ததா, தோழர்களே?

அதே கடலை எங்கள் பாட்டன்களும்தான் தாண்டினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் கையில் பேரேடு இல்லை. அவன் தலைமேல் 'துண்டு' இருந்தது. கூலி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறினால் அவன் கடனும் சீட்டாக எழுதப்பட்டுக் கூடவே மாறும். ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றுகிற அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரே மாவட்டம், ஒரே கடல். ஒருவன் கடன் கொடுக்கப் போனான், இன்னொருவன் கடனாகவே போனான். இதில் யாருடைய குணம் நல்ல குணம், யாருடைய குணம் கெட்ட குணம்?

சரி, கடல் தாண்டாமல் ஊரிலேயே இருந்தவர்கள் வியாபாரம் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். அன்றைக்குச் செட்டிநாட்டின் பெரும்பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். 1931 ஜூனில் அதைப் பதினொன்றாக்கினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் 'இந்தியாவில் சாதி' நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அதை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

இதை ஒரு வியாபாரப் பாடப் புத்தகமாகப் படித்துப் பாருங்கள். வாங்குகிறவன் எதை வாங்கலாம் என்பது முடிவாகிவிட்டது: குடை, செருப்பு, துணி, பித்தளை எதுவும் அவனுக்கு விற்பனைக்கு இல்லை. விற்கிறவன் எதை, யாருக்கு, என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது: தன் நிலத்தை, மிராசுதாருக்கு, அவன் சொல்லும் விலைக்கு. கணக்கு எழுதக் கற்கக் கூடாது. சம்பளம், வேலை நேரம் எல்லாம் தயார். சந்தை என்றால் விருப்பப்பட்டவன் வாங்குவதும் விருப்பப்பட்டவன் விற்பதும் என்று பொருளாதாரம் சொல்கிறது. எங்கள் சீமையில் சந்தை தடியோடு நின்றது. நூறு வருடம்கூட ஆகாத கதை இது. இந்த நூறு வருடத்தைக் கழித்துவிட்டு, வாங்கடா எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடலாம் என்கிறார்கள். என்னய்யா நியாயம் இது?

அந்தத் தடைகளெல்லாம் போய்விட்டனவே என்று யாராவது சொன்னால், எங்கள் தெருவில் என்ன சரக்கு விற்க முடிந்தது என்பதைச் சொல்கிறேன். விறகு, புல்லுக்கட்டு, ஈர்க்கு விளக்குமாறு. அதாவது வாயில் போகாத சரக்கு. என் ஆத்தா விளக்குமாற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய வீடுகளின் பின்கட்டு வாசலில் போய் நிற்கும். எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, எந்த வீட்டு ஆச்சி அந்தியில் பேசினால் இறங்கி வருவார், எந்த வீட்டில் இரண்டு கட்டு எடுத்தால் ஒரு கைப்பிடி சேர்த்துக் கொடுக்க வேண்டும், எல்லாம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். 'ஆச்சி, இது முத்துன ஈர்க்கு, ஆறு மாசம் உழைக்கும், தேஞ்சா என்கிட்டயே திருப்பிக் குடுங்க' என்று சொல்லித்தான் விற்கும். இன்றைக்கு மார்க்கெட்டிங் வகுப்பில் உத்தரவாதம், வாடிக்கையாளர் உறவு, பண்டிகைக் கால விற்பனை என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அத்தனையும் அந்தத் தலைச்சுமைக்குள் இருந்தது. ஆனால் காசைக் கையில் தரமாட்டார்கள். படியில் வைப்பார்கள், ஆத்தா குனிந்து எடுத்துக்கொள்ளும். அதே ஆத்தா நாலு இட்லி அவித்துக் கொண்டுபோயிருந்தால் ஒரு வீட்டுக் கதவாவது திறந்திருக்குமா? எங்கள் ஊரில் எங்கள் மாட்டுப் பாலை நேரில் வாங்கமாட்டார்கள். அதே பால் சொசைட்டிக் கேனில் கலந்து, பாக்கெட்டாகித் திரும்பி வந்தால் காய்ச்சிக் குடிப்பார்கள். தீட்டு பாலில் இல்லை, பால்காரன் பெயரில் இருக்கிறது.

கூடை தூக்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கதி, படித்தவனுக்கு மாறிவிடும் என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் பம்பாய்க்குத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பிழைப்புக்காக முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஒரு சின்னத் தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிக்கொண்டார்கள், தொழில் படுத்துவிட்டது. பிற்பாடு 1923இல் 'ரூபாயின் சிக்கல்' நூலை எழுதியவர் அவர். பணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததையா பம்பாய்ச் சேட்டுக்குத் தெரிந்துவிட்டது? சரக்கு முதல்தரம். பலகைதான் தவறான சாதி.

பலகை என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்த் தெருக்களில் நடந்து பாருங்கள். அய்யங்கார் பேக்கரி, நாடார் மளிகை, கோனார் மெஸ், செட்டிநாடு உணவகம். செட்டிநாட்டில் கால் வைக்காதவன்கூடச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் 'செட்டிநாடு' என்று எழுதி மிளகுக் கறியை விற்கிறான். சாதிப் பெயரும் ஊர்ப்பெயரும் அவனவனுக்கு முதலாகிவிட்டன. எங்கள் பெயரைப் பலகையில் எழுதி ஓர் உணவுக்கடை இந்தத் தெருவில் நிற்குமா? நாங்கள் சமைப்பதற்கு ருசி இல்லையா? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர்க்காரர்கள் தலைமுறையாகச் சாப்பிடுகிற மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. எதிர்ப்புக் கிளம்பியது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். அரசு நடத்துகிற சந்தையிலேயே எந்த அடுப்பு எரியலாம் என்று சாதிதான் முடிவு செய்கிறது.

ஆனால் இந்தப் பலகைக் கணக்கை நம்மில் ஒருவர் அன்றைக்கே தலைகீழாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைக் கேட்டால் தலைகுனிய வேண்டும் என்று ஊர் சொன்னதோ அதையே தலைப்பில் அச்சடித்துக் காசுக்கு விற்றார். இரண்டே நாளில் 400 பிரதிகள் போயின என்று தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதுகிறார். ஒளிந்துகொள்ளாமல் விற்றது, யாருக்கு வேண்டுமோ அவர்களிடம் நேரே போனது, 1900 வரை நின்றது. வியாபாரப் பாடம் வேண்டுமென்றால் இதைப் பாடமாக வையுங்கள்.

அப்படியானால் வியாபாரமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. நம் இயக்கத்துக்குள்ளேயே சில தோழர்கள் கடை வைப்பதைக் குட்டி முதலாளித்துவம் என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். ஊர்க்கடையில் தனிக் குவளையில் டீ குடித்தவனுக்குத் தன் தெருவில் தன் கடை என்பது வெறும் லாபக் கணக்கில்லை. ஊரில் தகராறு வந்ததும் முதலில் நிறுத்துவது கூலியையும் மளிகைச் சாமானையும்தான். நம் கையில் ஒரு மளிகைக்கடையும் ஒரு மாவு மில்லும் இருந்தால் அந்தப் புறக்கணிப்பைப் பத்து நாள் தாங்கலாம். பத்து நாள் தாங்கினால் பணிய வேண்டியதில்லை. பொருளாதாரப் புறக்கணிப்பு இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம். 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எப்.ஐ.ஆர். பதிவாகும்வரை அடுப்பில் உலை வைக்க அரிசி வேண்டாமா?

ஆகவே கற்றுக்கொள்வோம், ஆனால் எதை என்று தெரிந்து கற்றுக்கொள்வோம். செட்டியாரிடமிருந்து எடுக்க வேண்டியது கணக்கும் ஆள் பழக்கும் முறையும். நம் தெருவில் ஒருவன் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்தால், இன்னும் இரண்டு பையன்கள் அங்கே தொழில் பழகி, கல்லாவில் உட்கார்ந்து, சரக்கு எங்கே எடுப்பது, பாக்கியை எப்படி வசூலிப்பது என்று தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டும். முகாமில் மூன்று நாளில் தருகிற சான்றிதழால் இது வராது.

நாடார்களிடமிருந்து எடுக்க வேண்டியது மகமை. விருதுநகரிலும் சிவகாசியிலும் கடைக்குக் கடை மகமை எடுத்து உறவின்முறையில் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1889இல் விருதுநகரில் பள்ளிக்கூடம் வந்தது. கோயில் நுழைவுக்கு வழக்காடினார்கள், 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்தார்கள், 1921இல் தங்களுக்கென்று வங்கியே தொடங்கினார்கள். மதுரைப் பக்கம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பி, 1930களில் எங்கள் காரைக்குடியில் முதல் கடையைத் திறந்த முனியாண்டி விலாஸ்காரர்களும் அன்றாடம் முதல் விற்பனைக் காசைச் சாமிக்கென்று தனியே எடுத்துவைத்துப் பொதுவில் சேர்த்தவர்கள்தான். ஆக, முன்னேறியவன் எவனும் தனியாக முன்னேறவில்லை. நம்மை மட்டும் தனியாக முன்னேறச் சொல்கிறார்கள்! நம் தெருக்களில் கடை, ஆட்டோ, வேன், கொத்துவேலை கான்ட்ராக்ட் என்று எது நடந்தாலும் முதல் போணிக் காசு பொதுப்பெட்டிக்குப் போகட்டும். அந்தப் பெட்டிக்குப் பெண்கள் கணக்கெழுதட்டும். மாதம் ஒருமுறை தெருவில் உட்கார்ந்து அதை உரக்கப் படிக்கட்டும்.

ஆனால் எடுக்கக் கூடாததும் உண்டு. சாதிப்பூட்டு வேண்டாம். நமக்குள் பறையர் பெட்டி, பள்ளர் பெட்டி, அருந்ததியர் பெட்டி என்று மூன்று பெட்டி வைத்தால் அது பார்ப்பனியத்தின் கிளைக்கடைதான். வட்டித் தொழில் வேண்டாம். நம் தெருப் பெண்ணுக்கு நாமே தண்டல் விட்டால் ஆண்டையின் நாற்காலியில் நாம் உட்கார்ந்ததாகத்தான் அர்த்தம். 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் சொன்ன இரண்டு எதிரிகளில் ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளியம். ஒன்றை எதிர்க்க மற்றொன்றின் காலில் விழ முடியாது.

கடைசியாக, அரசிடம் உள்ள நம் பங்கு. தொழிலுக்கு முதல் வேண்டும். முதலுக்கு பாங்கு அடமானம் கேட்கிறது. அடமானம் வைக்க நிலம் எங்கே? 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று கொடுத்த பஞ்சமி நிலம் யார் யார் கைக்கோ போய்விட்டது. அதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்தைப் பிடுங்கியவர்கள் 'மானியம் கேட்கிறான் பார்' என்று நம்மைக் கேலி செய்கிறார்கள். தாட்கோ 1974இலிருந்து இருக்கிறது. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை, 6 விழுக்காடு வட்டி மானியம் என்று இருக்கிறது. 2012 ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைத் தலித், பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். வாங்குகிறார்களா? மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து உங்கள் கையில் இருக்கிறது. நிறுவனம் நிறுவனமாக, ஆண்டு ஆண்டாகக் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் தலித்துகள் 16.6 விழுக்காடு. 2013 பொருளாதாரக் கணக்கெடுப்பில் தனியார் உரிமை நிறுவனங்களில் தலித்துகளுக்குச் சொந்தமானவை சுமார் 11 விழுக்காடு; அதிலும் தெருவோரத் தையல் மிஷினும் பெட்டிக்கடையும் ஒரே எண்ணாகத்தான் சேரும்.

அடுத்த முறை உங்கள் கல்லூரிக்கு வியாபார நிபுணர் வந்தால் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். காரைக்குடிக் கடைத்தெருவில் வாடகைக்குக் கடை கேட்டால், 'தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று கேட்கிறவரிடம் என்ன பதில் சொல்வது? எங்கள் ஆத்தா அவித்த இட்லியை இந்த ஊர் வாங்கிச் சாப்பிட எந்த விளம்பரம் போட வேண்டும்? அந்த 4 விழுக்காடு யார் கல்லாவில் கிடக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லட்டும். அப்புறம் சிக்கனத்தைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.